ஃப்ரீசரில் ஏழு சனிக்கிழமைகள்

"என்னங்க இது?"

கேட்டுக்கு வெளியே நனைந்த சட்டையோடு நின்றவன் ஒரு கவரைத் தூக்கிப் பிடித்தான். உள்ளே பாதி பிரெட். அதன் மேல் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை.

செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது. தி. நகர் வீட்டு மாடியில் அவளே பிசைந்து, அவளே சுட்டு, சனிக்கிழமை காலையில் கேட்டருகே மேஜை போட்டு விற்கிற பிரெட் அது. போன வாரம் மழைக்கு ஒதுங்கியவன், சும்மா நிற்கக் கூச்சப்பட்டு ஒன்று வாங்கிப் போனான். இன்றைக்குச் சண்டைக்கு வந்திருக்கிறான்!

"எங்க வெச்சீங்க?"

"அது... வந்து..."

"சொல்லுங்க. எங்க வெச்சீங்க?"

"பீரோல."

மழைச் சாரலில் முகத்தை நீட்டி அவனைப் பார்த்தாள்.

"பீரோலயா? பட்டுப்புடவைக்கு நடுவுலயா?"

"வேஷ்டிக்கு நடுவுல" என்றான், காது மடல் சிவக்க. "மாவும் பாலும் இருக்கற ஃப்ரிட்ஜ்ல வெளிப் பண்டத்தை வைக்கவே கூடாதும்பா எங்கம்மா. அதான்..."

சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் உறைத்தது... இப்படிச் சிரித்து எட்டு மாதம் ஆகியிருந்தது!

எட்டு மாதத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு ஆறே நாள் இருக்கும்போது, மாப்பிள்ளை வீட்டார் போனில் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள். காரணம்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து பாண்டி பஜாரில் இருக்கும் அப்பாவின் ஜவுளிக்கடைக்குப் போனாலும், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அவளுக்கு ஒரே பட்டம்தான். 'பாவம், செண்பகம்!' பெற்ற அம்மாவே, "பாவம்ட்டி நீ... ஒரு வாய் சாப்பிடு" என்றுதான் தட்டை நீட்டினாள். அந்த இரக்கப் பார்வையைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே போவதையே விட்டுவிட்டாள். வீட்டுக்குள் பைத்தியம் பிடிக்காமல் இருக்கத்தான் மாவைப் பிசைய ஆரம்பித்தாள்.

இவன் அப்படிப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்தான். அதுவே எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

அவன் பெயர் ரமணன். அபிராமபுரம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து சோறு இறங்குவதில்லையாம். இந்த பிரெட்டைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தபோது மட்டும் ரெண்டு வாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

"நல்லாக் கேட்டுக்கோங்க" என்றாள் செண்பகம், டீச்சர் மாதிரி விரலை நீட்டி. "முதல் நாள் துணில சுத்தி வெளியவே வைங்க. மறுநாள் மீதியை ஸ்லைஸ் போட்டு, நடுவுல பட்டர் பேப்பர் வெச்சு, காத்துப் புகாத கவர்ல கட்டி ஃப்ரீசர்ல போட்டுடுங்க. கீழ் தட்டுல வெச்சா காஞ்சு கல்லாயிடும். வேணும்கறதை மட்டும் எடுத்து, நேரா தோசைக்கல்லுல சூடு பண்ணுங்க. மூணு மாசம் வரைக்கும் கெடாது."

"அம்மாவை என்ன பண்றது?"

"அவங்களை ஃப்ரீசர்ல வைக்க வேண்டாம்."

அவன் கண்கள் சிரித்தன. இமை ஓரத்தில் மழைத்துளி... அவள் சட்டென்று பார்வையை மேஜைக்குத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வாரமே, அப்பா அறைக்கென்று பழைய குட்டி ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கிவிட்டேன் என்று வந்து நின்றான். அதன்பின் எல்லாச் சனிக்கிழமையும் வந்தான். அவளும் தவறாமல் கேட்பாள், "அப்பா எப்படி இருக்கார்?"

"ரெண்டு ஸ்லைஸ் சாப்பிட்டார்... நேத்திக்கு அம்மாவைத் திட்டினார்! தெம்பு வந்துடுத்து."

வெள்ளிக்கிழமை ராத்திரி மாவைப் பிசையும்போதே அவளுக்கு மனசு பரபரக்கும். எதற்கு இந்தப் பரபரப்பு என்று தன்னையே அதட்டிக்கொள்வாள். அதட்டினால் அடங்குகிற மனசா அது?

ஆவணிக் கடைசியில் ரெண்டு சனிக்கிழமை அவன் வரவில்லை. ஒரு பிரெட்டை எடுத்துத் துணியால் மூடி வைத்து, சாயங்காலம் வரை கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் வந்தான். மொட்டைத் தலை. மீசையையும் காணோம்.

"திருப்பதியா? அதான் ஆளைக் காணோமா! பெருமாள்கிட்ட அப்படி என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று கலாய்த்தாள். "ஆனா பொருத்தமாத்தான் இருக்கு."

அவன் லேசாகச் சிரித்தான். வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்பா எப்படி இருக்கார்?"

"...இருக்கார்."

அதிலிருந்து ஆறு வாரம் கழித்து, ஐப்பசி அடைமழை. அவன் பிரெட்டோடு கிளம்பிய கையோடு, அபிராமபுரத்துப் பாட்டு டீச்சர் மஹதி குடையை மடக்கியபடி வந்தாள்.

"எங்க கீழ் ஆத்து ரமணன்தானே அது? பாவம்மா... அவன் அப்பா போய் ரெண்டு மாசம் ஆறது. இன்னும் பித்துப் பிடிச்ச மாதிரி இருக்கான்."

செண்பகத்தின் கையிலிருந்த பிரெட் கத்தி மேஜையில் விழுந்தது.

அந்த மொட்டை... அதைப் பார்த்தா சிரித்தாள்? பொருத்தமாக இருக்கிறது என்று வேறு சொன்னாளே! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு நினைப்பு வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அப்பா இல்லையென்றால் பிரெட் யாருக்கு? கல்யாணம் நின்றுபோனது அவனுக்கும் தெரிந்திருக்கும். பாவம், ஒன்று வாங்குவோமே என்று... இவனுமா?

மஹதியிடம் வீட்டு விலாசத்தைக் கேட்டுக்கொண்டு, கிட்டத்தட்ட ஒரு வருஷமாகத் தாண்டாத கேட்டைத் திறந்து, கொட்டுகிற மழையில் ஆட்டோ பிடித்தாள்.

கதவைத் திறந்த ரமணனின் அம்மா விஜயலக்ஷ்மி மாமியின் நெற்றி வெறுமையாக இருந்தது. செண்பகம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நீதான் அந்த பிரெட் பொண்ணா? நனைஞ்சிருக்கியே, உள்ள வாம்மா. வருஷம் முடியற வரைக்கும் வெளில வாங்கினதை அவன் வாயில வைக்கப்படாது. ஆனா வாரா வாரம் வாங்கிண்டு வரான். கேட்டா பதிலே கிடையாது. நீயாவது கேளேன்."

அப்பாவின் அறையில், கட்டில் மேல் சுருட்டி வைத்த மெத்தை. ஓரத்தில் குட்டி ஃப்ரிட்ஜ். அதன் எதிரே தரையில் உட்கார்ந்து ரமணன் பிரெட்டுக்குக் கவர் போட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் அடித்துப் பிடித்து எழுந்தான்.

அவள் நேராகப் போய் ஃப்ரீசரைத் திறந்தாள். ஆறு கவர்கள். அவன் கையில் ஏழாவது. ஸ்லைஸ் ஸ்லைஸாக, நடுவே பட்டர் பேப்பரோடு, அவள் சொன்னது ஒன்று விடாமல். ஒவ்வொன்றிலும், விற்கும்போது அவள் எழுதி ஒட்டித் தருகிற தேதிச் சீட்டு. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"பாவம் பார்த்து வாங்கினீங்களா?" என்றாள், கவர்களைக் காட்டி.

"யாரை?"

"என்னைத்தான்! கல்யாணம் நின்னுபோனவ, வாசல்ல உக்காந்து பிரெட் விக்கிறா, பாவம்னு..."

அவன் விழித்தான். "உங்களுக்குக் கல்யாணம் நின்னு போச்சா?"

அவனுக்குத் தெரியவே தெரியாது! ஊரே வாய்க்கு வாய் பேசியது அவன் காதில் விழவே இல்லை. செண்பகத்தின் கோபம் போன இடம் தெரியவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்புறம் ஏன்? சாப்பிடவும் முடியாத பிரெட்டை..."

ரமணன் கையிலிருந்த கவரின் வாயை மடித்து மடித்துப் பிரித்தான். ஜன்னலுக்கு வெளியே மழை விடாமல் கொட்டியது.

"அப்பா போயிட்டார்னு சொல்லிட்டா, உங்களைப் பார்க்க வர என்கிட்ட வேற காரணம் இல்லை" என்றான். "அது ஒண்ணு... இன்னொண்ணு... ஊர்ல எல்லாரும் துக்கம் விசாரிச்சாச்சு. நீங்க ஒருத்தர்தான், அப்பா எப்படி இருக்கார்னு கேட்டேள். இருக்கார்னு சொல்லிடுவேன். சொல்லிட்டு வண்டில திரும்பி வர வரைக்கும் அவர் இருப்பார். வாசல்ல வண்டியை நிறுத்தினா... மறுபடியும் போயிடுவார்."

செண்பகத்தின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஏழு வாரம்... ஏழு தடவை இந்த மனுஷன் அப்பாவைப் பறிகொடுத்திருக்கிறான். அதில் முதல் தடவை அவள் மொட்டையைக் கேலி செய்திருக்கிறாள்.

எழுந்து அவன் எதிரே போய் நின்றாள். அவன் கையிலிருந்த கவரை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"ரமணன்... அப்பா எப்படி இருக்கார்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். உதடு துடித்தது. 'இருக்கார்' என்ற சொல் பழக்கத்தில் வாய் வரைக்கும் வந்து நின்றது.

"போயிட்டார்" என்றான். "அப்பா போயிட்டார், செண்பகம்."

சொல்லிவிட்டு, மெத்தை மேல் தலையைச் சாய்த்துக் குழந்தை மாதிரி அழுதான். செண்பகம் தடுக்கவில்லை. பக்கத்திலேயே நின்றாள்.

அழுகை ஓய்ந்தபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது. அவள் அந்த ஏழாவது கவரை மற்ற ஆறோடு வைத்து ஃப்ரீசரை மூடினாள்.

"ரெண்டு வாரம் நீங்க வராதப்போ, சாயங்காலம் வரைக்கும் கேட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "அடுத்த சனிக்கிழமையும் வாங்க. பிரெட் வாங்க வேண்டாம்... என்னைப் பார்க்க வாங்க."