சண்முகவடிவின் உணர்நாள்

மாலை நான்கு மணிக்குள் திரையில் கட்டைவிரல் வைத்தாக வேண்டும். ஒரு முறை வைத்தால் வைத்ததுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு எந்தப் படிப்பு, எந்த வேலை என்று அரசு அந்த நிமிடமே எழுதிக்கொள்ளும். மணி மூன்று பத்து. ஆவுடைச்செல்வி இரண்டாம் முறையாகக் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தாள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பெண் அவள். பரீட்சை நாளில் பச்சைத் தண்ணீர்கூட உள்ளே தங்காது.

சங்கரன்கோவில் பக்கத்து அந்தப் பெண்கள் பள்ளியில் ஒரு காலத்தில் முன்னாள் மாணவியர் கூட்டம் என்று ஒன்று நடக்கும். அக்காமார் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வருவார்கள். தலைமையாசிரியை முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, "நல்லா இருக்கோம், நீங்களும் நல்லாப் படிங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டு, கேசரி சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வேலையில் என்ன பாடுபடுகிறேன் என்று ஒருத்தியும் வாய் திறந்ததில்லை. எப்படித் திறப்பாள்? படித்த பள்ளிக்கூடத்தில் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்க யாருக்கு மனசு வரும்!

அந்தப் பூசிமெழுகலுக்கு முடிவு கட்ட வந்ததுதான் உணர்முடி. பள்ளியிலிருந்து ஆள் கொண்டுவரும் அந்த வளையத்தை ஓர் அக்கா தன் வேலைநாள் ஒன்றில் தலையில் மாட்டிக்கொள்வாள். அன்று அவள் கண்டது, கேட்டது, நெஞ்சில் பட்டது அத்தனையும் பதிவாகிவிடும். எண்ணம் மட்டும் பதிவாகாது. அது அந்தரங்கம் என்று சட்டம் சொல்லிவிட்டது. பள்ளி முடிக்கிற பெண் அதே வளையத்தை மாட்டிக்கொண்டு அந்த உணர்நாளைப் பத்தே நிமிடத்தில் வாழ்ந்து பார்ப்பாள். இனி அக்காவின் வாயை எவள் கேட்கப்போகிறாள்?

ஆவுடை ஐந்து உணர்நாள்கள் பார்த்திருந்தாள். மருத்துவர் அக்காவின் நாள் முழுக்க அடிவயிற்றில் ஒரு பிசைவு. ஆசிரியை அக்காவுக்கு நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. மற்ற இருவருக்கும் உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. கடைசியாகப் பார்த்தது சண்முகவடிவு அக்காவின் நாள். கோவில்பட்டி மேகவழி நிலையத்தில் அலுவலர். வருகிற மழைமேகத்தை எந்த ஊர்ப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்கிற வேலை. ஐந்து தொலைபேசிகள் விடாமல் அலறுகின்றன, மேலதிகாரி மேசையைத் தட்டிக் கத்துகிறார், அக்கா ஜன்னலோரம் நின்று தேநீர் குடிக்கிறாள். நெஞ்சுக்குள் அப்படியொரு நிம்மதி! ஆவுடை தன் பதினேழு வயதில் அதை அனுபவித்ததே இல்லை. வகுப்பில் நாற்பது பேர் ஏற்கெனவே மேகவழிக்கே விரல் வைத்திருந்தார்கள்.

அவளுக்கும் அதுதான் ஆசை. ஆனாலும் ஒன்று உறுத்தியது. ஒருவர் முகத்துக்கு நேரே கத்தும்போது மாடுகூடக் காதை ஆட்டுமே, இந்த அக்காவுக்கு ஒன்றுமே ஆகவில்லையா? சந்தேகம் இருந்தால் அக்காவோடு ஒரு முறை தொலைபேசியில் பேசலாம் என்று விதி உண்டு. எல்லோரும் மறந்துபோன விதி. ஆவுடை அலுவலக அறைக்குப் போய்க் கேட்டு வாங்கிப் பேசினாள்.

"அக்கா, அந்த ஆளு அவ்வளவு கத்துதாரு. உங்களுக்குப் பயமே வரலையே, எப்படிக்கா?"



"எப்படி வரும்? பையில ராஜினாமாக் கடுதாசி இருந்துச்சுல்லா. சாயந்திரம் வளையத்தைக் கழட்டுன பெறகு குடுத்துட்டு வந்துட்டேன்."

பிறகு அக்கா நிறுத்தாமல் பேசினாள். ஓர் ஊருக்கு மேகத்தைத் திருப்பினால் பக்கத்து ஊர்க்காரர்கள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றுவார்களாம். பன்னிரண்டு வருடம் சரியாகச் சாப்பிட்டதில்லை, தூங்கியதில்லை. நிம்மதியாக இருந்த ஒரே நாளில் உணர்முடியைக் கொண்டுவந்து மாட்டினார்கள்.

"அப்ப நீங்க ஏங்க்கா இதுக்குப் போனீங்க?"

"எனக்கு முந்தின அக்காவோட நாளும் இப்படித்தான் இருந்துச்சு. நானும் உன்னைய மாதிரி போன் போட்டேன். அவங்களும் இதையேதான் சொன்னாங்க."

"சொன்ன பெறகுமா போனீங்க?"

"போய்த் திரை முன்னால உக்காந்து பாரு பிள்ள. தெரியும்."

ஆவுடை ஓட்டமும் நடையுமாகத் தலைமையாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் நல்ல மனுஷிதான். முழுக்கக் கேட்டுவிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடியைப் பார்த்தார். பயத்தில் என்னென்னவோ தோன்றும், தண்ணீர் குடித்துவிட்டு உட்கார் என்றார். ஒரு பெண் வாயால் சொல்வதைக் கேட்டு நம்பும் பழக்கம் அந்தப் பள்ளியில் விட்டுப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

வரிசையில் முன்னால் நின்ற தோழி மைமூனிடமும் சொன்னாள். மைமூன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்றது நெசமாவே இருக்கலாம் ஆவுடை. ஆனா அந்த நாள்ல நான் அங்க இருந்தேனே."

சொல்லிவிட்டுப் போய் விரலை வைத்தாள். நாற்பத்தொன்று.

மூன்று ஐம்பத்தாறுக்கு ஆவுடை திரை முன்னால் உட்கார்ந்தாள். ஆசிரியை வேலை என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்தாள். அந்தப் பெயருக்கு நேரே விரலைக் கொண்டுபோனதும் பொட்டு இரண்டும் தெறித்தன. விரலை இழுத்துக்கொண்டாள். மேகவழியைப் பார்த்தாள். பையில் கடிதம் இருந்தது தெரியும். பன்னிரண்டு வருடம் தெரியும். நாளை அந்த நிலைய வாசலில் தன்மேல் மண் விழப்போவதும் தெரியும். தெரிந்து என்ன? அந்த ஜன்னலோரத்தில் நின்றது அவள். அந்தத் தேநீரின் சூடு அவள் தொண்டையில் இறங்கியது. அதை யாரும் சொல்லி அவள் கேட்கவில்லையே.

மூன்று ஐம்பத்தொன்பதுக்குத் திரையில் மேகவழிக்கு நேரே இருந்த எண் நாற்பத்திரண்டாக மாறியது. ஆவுடைக்கு அழுகை வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல தூக்கம் வருவதுபோல இருந்தது.