ஒரு முறை நிரப்பினால்

திண்டிவனம் தாண்டியதும் கார் தானாகவே இடது ஓரத்துக்கு ஒதுங்கி வேகத்தைக் குறைத்துக்கொண்டது. முன்னால் ஒரு மணல் லாரி போய்க்கொண்டிருந்தது. மோதுகிற தூரமெல்லாம் இல்லை. ஆனால் பின் இருக்கையில் இருந்த இதழினிக்கு மணல் லாரி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். அந்தக் கதை காருக்குத் தெரியாது. அவள் பயந்தது தெரியும், எதைப் பார்த்துப் பயந்தாள் என்பதும் தெரியும். அதற்கு அது போதும்.

"பாத்தியா? யாரும் ஒண்ணும் சொல்லல. அதுவா ஒதுங்குது" என்றார் தணிகைவேல், பக்கத்தில் இருந்த மனைவி சுகந்தியிடம். ஓட்டுநர் இருக்கையில் சும்மா உட்கார்ந்தபடி, மடியிலிருந்த கைப்பலகைத் திரையில் அதைக் குறித்துக்கொண்டார்.

தணிகைவேலுக்குத் தொழிலே கார்களுக்கு மதிப்பெண் போடுவது. அவர் "வாங்கலாம்" என்று எழுதினால் மறுநாள் காட்சியறைகளில் கூட்டம் நெரியும். "யோசியுங்கள்" என்று எழுதினால் நிறுவனங்களின் விற்பனை படுத்துவிடும். குடும்பக் காரைக் குடும்பத்தோடுதான் சோதிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதனால் ஒவ்வொரு சோதனை ஓட்டத்துக்கும் பெட்டியோடு பெட்டியாகச் சுகந்தியும் பதின்மூன்று வயது இதழினியும் ஏற்றப்படுவார்கள். வருகிறீர்களா என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. இந்த முறை திருச்சியில் இருக்கும் அவருடைய அக்கா வீடுவரை ஓட்டம்.

கார் நெய்தல். நடுத்தரக் குடும்பங்களின் செல்ல செடானை இந்த வருடம் அடியோடு மாற்றியிருந்தார்கள். பின் இருக்கையில் முழங்காலுக்கு நாலு விரற்கடை இடம் கூடியிருந்தது. டிக்கியில் இரண்டு பெரிய பெட்டியும் ஓர் அரிசி மூட்டையும் கிடக்கும். அதெல்லாம் ஒப்பனை. உண்மையில் புதிது அச்சமானி. உட்கார்ந்திருப்பவரின் இதயத் துடிப்பு, மூச்சு, வியர்வை, தோள் இறுக்கம் எல்லாவற்றையும் இருக்கையே கவனித்துப் பயத்தை அளக்கும். காரை ஓட்டுகிற தன்னோட்டிக்கு ஒரே கட்டளைதான்: உள்ளே இருப்பவர்களின் பயத்தைக் குறை, பயமுறுத்துவது எதுவோ அதிலிருந்து விலகு. விபத்துக்கு முன்னால் பயம் வந்துவிடும் என்பதுதான் இதன் சூட்சுமம். சோதனைக்கு விட்ட இத்தனை வண்டிகளில் ஒன்றுகூட இன்னும் கீறல் படவில்லை.

நெய்தல் இரண்டு வகையாக வருகிறது. ஒன்று வெறும் மின்கலத்தில் ஓடுவது. இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி மின்னேற்ற வேண்டும். இன்னொன்று மின்கலமும் பெட்ரோல் எஞ்சினும் சேர்ந்த இரட்டையுந்து, ஊர் வழக்கில் ஹைபிரிட். தணிகைவேல் கேட்டு வாங்கியது ஹைபிரிட். திண்டிவனம் பங்கில் அவரே பக்கத்தில் நின்று கழுத்துவரை பெட்ரோல் நிரப்பச் சொன்னார். விமர்சனத்தின் தலைப்பு வரியும் அங்கேயே உதித்துவிட்டது: 'ஒரு முறை நிரப்பினால் ஆயிரம் கிலோமீட்டர், யாருக்காகவும் நிற்க வேண்டாம்.'

கைப்பலகையில் மூன்று கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன, இருக்கைக்கு ஒன்றாக. அவருடையது அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் கிடந்தது. மற்ற இரண்டும் லாரியைக் கண்டால் எழும்பின, லாரி போனதும் தணிந்தன. சரியாகத்தான் வேலை செய்தது. அப்புறம்தான் கோளாறு ஆரம்பித்தது. சாலை காலியாக இருந்தது. "ஏ.சி.யக் கொறைன்னு எத்தன தடவ சொல்றது?" என்று அவர் கேட்டார், அவ்வளவுதான். சுகந்தியின் கோடு குபுக்கென்று ஏறியது. சற்று நேரத்தில் அக்கா போன் செய்து ஏன் தாமதம் என்று கேட்டார். தணிகைவேல் பதில் சொல்லாமல் திரும்பிச் சுகந்தியை ஒரு பார்வை பார்த்தார். கோடு மறுபடி ஏறியது.

நிறுவனத்தின் பொறியாளர் பெரோஸை அழைத்தார்.

"என்னய்யா, காலி ரோட்டுல உங்க மானி எகிறுது?"

"எதிர்ல வண்டி ஏதாச்சும் வருதா சார்?"

"நாய்கூட இல்ல."

"அப்ப வண்டிக்குள்ள..."

"வண்டிக்குள்ள நாங்க மூணு பேருதான்யா இருக்கோம்."

"அதுக்கு நியாயம் அநியாயம் தெரியாது சார். அளக்க மட்டுந்தான் தெரியும்" என்றான் பெரோஸ்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உங்க மானிக்கும் அதே வியாதிதான்" என்று சொல்லிப் போனை வைத்தார். சுகந்தியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உனக்கு இப்ப பயமா இருக்கா?"

"இல்லங்க."

கோடு விண்ணென்று உயர்ந்தது. தணிகைவேல் வாய்விட்டுச் சிரித்தார். "பாரு, என்னமா புளுகுது மெஷினு!" பின்னால் இதழினி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டாள்.

"எங்கப்பா வாசல்ல செருப்பக் கழட்டுற சத்தம் கேட்டாப் போதும், வீடே கப்சிப்னு ஆயிடும். அதுக்குப் பேரு பயமா? மரியாதை. தகப்பன்னா அது இருக்கணும். இந்த மெஷினுக்கு அதெல்லாம் எங்க புரியப்போகுது!" என்றார். 'மரியாதைக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை, திருத்த வேண்டும்' என்று குறித்தும் கொண்டார். அவர் மனைவியையோ மகளையோ அடிக்கிறவர் இல்லை. அவரே பலரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார். கை ஓங்கியதுண்டு. ஓங்கியது அடியில் சேர்த்தியில்லை என்பது அவர் கணக்கு.

விக்கிரவாண்டியில் காபி குடிக்க நிறுத்தினார்கள். அதாவது அவர் நிறுத்தினார். கைப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தான் மட்டும் இறங்கி, கடை வாசலில் நின்று காபியை ஆற்றினார். காருக்குள் சுகந்தியோடு இருந்த இதழினி ரோஸ்மில்க் பாட்டிலைத் திறந்தாள். மூடி கையோடு வந்தது. பாதிப் பால் இருக்கையில் கொட்டியது. சந்தன நிற இருக்கை. நாளை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டிய சோதனைக் கார்.

தணிகைவேல் கண்ணாடி வழியே பார்த்துவிட்டார். "ஏய்!"

டம்ளரை மேசையில் நங்கென்று வைத்துவிட்டுப் பின்கதவை நோக்கி நடந்தார். கக்கத்திலிருந்த பலகையில் இரண்டு கோடுகளும் உச்சியைத் தொட்டன. அவர் பார்க்கவில்லை. பார்த்தது மகளின் முகத்தைத்தான். அவள் இருக்கையின் மறுகோடிக்கு நகர்ந்து, கைகளைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் கைப்பிடியைத் தொட்டார். க்ளிக். கதவு பூட்டிக்கொண்டது. கைப்பிடி விரல்களை விட்டு மெல்ல நழுவியது. கார் கிளம்பிவிட்டது. சத்தமே இல்லை. சத்தமில்லாமல் கிளம்புவதற்கு அவர் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்.

"டேய்! நிறுத்து! நிறுத்து!"

ஓடினார். ஒரு செருப்பு கழன்று பின்னால் விழுந்தது. மணல் லாரியிடமிருந்து ஒதுங்கியதைப் போலவே, பதற்றமில்லாமல், விளக்குப் போட்டுக் காட்டிவிட்டு, நெய்தல் நெடுஞ்சாலையில் ஏறிப் போய்விட்டது.

போனை எடுத்துச் சுகந்தியை அழைத்தார். "நிறுத்துடி வண்டிய!"

"நான் ஒண்ணும் பண்ணலங்க. அதுவா போகுது."

"நடுவுல செவப்பு பட்டன் இருக்கு பாரு, அத அமுக்கு!"

"அமுக்கறேங்க."

கார் நிற்கவில்லை. பலகையின் வரைபடத்தில் பச்சைப் புள்ளி இன்னும் வேகமெடுத்தது. இயந்திரத்துக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பெண்டாட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. எந்தப் பாலத்தில் மோதப்போகிறதோ, எந்தப் பள்ளத்தில் விழப்போகிறதோ. பெரோஸை அழைத்தார்.

"உன் வண்டி என் குடும்பத்தக் கடத்திட்டுப் போகுதுய்யா!"

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "எல்லாம் ஒழுங்கா இருக்கு சார். நிறுத்துற பட்டனும் வேல செய்யுது."

"என்ன வேல செய்யுது? அவ அமுக்கிட்டா, நிக்கல!"

பெரோஸ் தயங்கினான். "இல்ல சார். அந்தப் பட்டன இதுவரைக்கும் யாரும் தொடல."

கடைக்காரர் யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். தணிகைவேல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"நீ அங்கேருந்து நிறுத்து" என்றார் கடைசியில்.

"முடியாது சார். வெளியாள் வண்டிய நிறுத்துற வசதி குடும்பத்துக்கே ஆபத்துன்னு போன மாடலுக்கு எழுதினது நீங்கதான். அதனால எடுத்துட்டோம்."

"திருச்சின்னு ஊர் போட்டிருக்கேனே, அங்கதான போகணும்?"

"ஊர் ரெண்டாவதுதான் சார். அதுக்குப் பயம்தான் மொதல்ல. எந்தப் பக்கம் போனா பயம் கொறையுதோ அந்தப் பக்கம் போகும். மின்கல வண்டியா இருந்தா மின்னேத்தறதுக்காவது எங்கயாச்சும் நின்னே ஆகணும். இது ஹைபிரிட்டு."

உளுந்தூர்பேட்டையில் சாலை பிரிகிறது. நேரே போனால் திருச்சி, அக்கா வீடு. புள்ளி அங்கே ஒரு நிமிடம் தயங்கியது. பிறகு வலப்பக்கம் சேலம் சாலையில் திரும்பியது. திரும்பியதும் சுகந்தியின் கோடு ஒரு படி இறங்கியது.

தணிகைவேல் விடுவாரா? மறுபடி அழைத்தார். மறுபடியும். அவள் எடுக்கவில்லை. மகளின் எண்ணுக்கு அடித்தார். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் கோடுகள் எகிறின, புள்ளி மேற்கே பாய்ந்தது. அழைப்பு அடங்கினால் அதுவும் நிதானித்தது. நாலைந்து தடவைக்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. காரை யாரும் கடத்தவில்லை. அவர்தான் விக்கிரவாண்டியில் நின்றபடி போனை அடித்தடித்து அதை விரட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோலும் அவரே போட்டுக் கொடுத்தது. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது.

போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். கையை எடுக்கவே மனம் வரவில்லை. எடுத்தார்.

"என்ன சார், வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்லங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பலகையைப் பார்த்தார். இரண்டு கோடுகளும் இறங்கிக்கொண்டிருந்தன. சென்னையிலிருந்து வந்த வழியெல்லாம் இருந்த மட்டத்துக்கு வந்தன. அதுதான் தரை, இனி நிற்கும் என்று நினைத்தார். நிற்கவில்லை. அதற்கும் கீழே இறங்கின. சுகந்தியுடையது கொஞ்சம், இதழினியுடையது அதிகம். காலையிலிருந்து, லாரியும் இல்லாத, திட்டும் இல்லாத, அவர் சும்மா உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில்கூட, அந்தப் பிள்ளை அவ்வளவு பயத்தோடுதான் இருந்திருக்கிறாள். அவர் தரை என்று நினைத்தது தரையே இல்லை.

தணிகைவேலுக்கு அப்போது வந்த பயம் வாழ்க்கையில் அதுவரை வராதது. அவரை அளக்க அங்கே இருக்கை இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் புள்ளி கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை முன் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பெரோஸ் அழைத்தான். அவன் குரலில் சந்தோஷம் இருந்தது. "சார், மேடம் இப்பதான் அவங்க கையாலயே ஊர் மாத்தியிருக்காங்க. விக்கிரவாண்டின்னு போட்டிருக்காங்க. திரும்பி வர்றாங்க சார்!"

புள்ளி கிழக்கே நகர ஆரம்பித்தது. தணிகைவேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதார். வரட்டும். ஒரு வார்த்தை கடிந்து பேசக் கூடாது. இருக்கை கிடக்கிறது, கழுவினால் போகும். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து இன்னொரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

இதை அவர்கள் வந்துசேரும்வரை மனதுக்குள் வைத்திருக்க அவரால் முடியவில்லை. மெதுவா வாங்க, அவசரமில்ல, பாப்பா சாப்பிட்டாளா என்று கேட்க வேண்டும். தொண்டையைச் செருமி, குரலைத் தணித்து, ஒரு தடவை தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது. சுகந்தியை அழைத்தார்.

ஒரு தடவைதான் மணி அடித்தது. அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பலகையில் இரண்டு கோடுகளும் ஒன்றாக எழுந்து உச்சியில் முட்டி நின்றன. புள்ளி வேகம் குறைந்தது. சாலை ஓரத்துக்கு ஒதுங்கியது. மெல்ல வட்டமடித்து மறுபடி மேற்கே திரும்பியது. அவர் பதறிப்போய் அழைப்பைத் துண்டித்தார். புள்ளி திரும்பவில்லை.

வரைபடத்துக்குக் கீழே பெட்ரோல் அளவு தெரிந்தது. தொட்டியில் முக்காலுக்கு மேல் இருந்தது.