பரஸ்கா தன் வாசலில் பூசிய தார்

அன்று காலையும் மெலான்காவின் கரண்டி மட்டும் சன்னல் திட்டில் தனியாகக் கிடந்தது. மாமியார் பரஸ்கா தனக்கும் மகள் வர்காவுக்கும் மேசைமேல் தினைக்கஞ்சி ஊற்றினாள். மருமகளின் கிண்ணத்தைத் தொட்டில் ஓரமாகத் தரையில் வைத்தாள்.

"அங்கேயே உக்காந்து தின்னட்டும்" என்றாள், சுவரைப் பார்த்து. "அவளுக்கு அதுதானே சிம்மாசனம்."

மெலான்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். மூன்று மாதமாக இதே பேச்சுதான். கணவன் டெம்யானை ஜெர்மன்காரர்கள் வேலைக்கு இழுத்துப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இவளோ சர்க்கரை ஆலை வேலைக்குப் போய்விட்டு ஜனவரியில் கையில் பச்சைக் குழந்தையோடு வந்து நின்றாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "என் குழந்தைதான். அப்பன் ஒரு ஹங்கேரிச் சிப்பாய். செத்துட்டான்."

அந்தச் சேற்றைத் தானே எடுத்துத் தன் தலையில் பூசிக்கொண்டவள் அவள். ஆலையில் பக்கத்தில் நின்று சர்க்கரைக் கிழங்கு கழுவியவள் ஹிண்டல், யூதப் பெண். கொட்டகையில் ஒளிந்திருந்து பெற்ற குழந்தையை இவள் போர்வைக்குள் திணித்துவிட்டு, மறுநாள் மற்ற யூதர்களோடு சுட்டுக் கொல்லப் பள்ளத்தாக்குக்கு நடத்திப் போகப்பட்டவள். திரும்பி வரவில்லை. இதை யாரிடம் சொல்வது? நாத்தனார் வர்காவின் வாயில் எதுவும் நிற்காது. மாமியாருக்கோ பொய் சொல்லவே வராது, கோயிலில் முதல் வரிசையில் நிற்பவள்...

கதவு படாரென்று திறந்தது. வர்கா வாளிகளை இறக்காமலே பேசினாள்.

"அம்மா, கிணத்தடியில என்ன பேசிக்கறாங்க தெரியுமா? நேத்து ஹாப்கா மருமக புள்ள பெத்த முப்பத்தெட்டாம் நாளே தண்ணி எடுக்க வந்துட்டா. கிழவி தொடப்பத்தால அடிச்சு வெரட்டியிருக்கா, நாப்பது நாள் தீட்டு கழியாம கிணத்தத் தொடறியான்னு. அதுலதான் பேச்சு கெளம்பியிருக்கு. நம்ம அண்ணி வந்த மறுநாளே வாளிய விட்டாங்களாமே? பெத்தவ அப்படிச் செய்வாளா, இது பெத்த புள்ளையே இல்ல, யூதப் புள்ளைன்னு..."

"யாரு சொன்னது?"

"எல்லாரும்தான். கோர்னி பொண்டாட்டியும் நின்னா. கேட்டதும் வீட்டப் பாத்து ஓடுறா." வர்கா வாளிகளை இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்க மறுபடியும் தெருவுக்கு ஓடினாள்.

மெலான்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கோர்னி ஜெர்மன்காரர்களின் போலீஸ்காரன். பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் யூதப் பையன் ஒருவன் அகப்பட்டபோது, வீட்டிலிருந்த அத்தனை பேரையும் சுட்டுவிட்டுக் கூரைக்குத் தீ வைத்தார்கள். தீட்டு நாற்பது நாள் என்பது அவளுக்குத் தெரியாததா? ஆனால் பெற்றவளுக்குத்தானே உடம்பு ஞாபகப்படுத்தும்... அவள் மறந்தே போனாள்.

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு பின்கதவுக்கு ஓடினாள். வெளியே பனி உருகிய வயல், ஒரு மரம்கூட இல்லாமல் காடுவரை வெறிச்சோடிக் கிடந்தது. எந்தப் பக்கம் போனாலும் சேற்றில் காலடி பதியும்.

பரஸ்கா குறுக்கே வந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

"உக்காரு."

"அத்தே, என்னை விடுங்க. நான் போயிட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"உக்காருன்னு சொன்னேன்."

காட்டிக் கொடுக்கப் போகிறாள் என்றே மெலான்கா நினைத்தாள். பரஸ்கா மூலையிலிருந்த வண்டி அச்சுக்குப் போடும் தார்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

நடத்தை கெட்ட பெண் இருக்கும் வீட்டு வாயிற்கதவில் ஊர்ப் பையன்கள் தார் பூசுவது வழக்கம். அந்த வீட்டார் பிறகு தலை நிமிர்ந்து நடக்க முடியாது. பரஸ்கா தன் வீட்டுக் கதவில், பட்டப்பகலில், தன் கையாலேயே அள்ளி அள்ளிப் பூசினாள்.

"வாங்கடி, வந்து பாருங்க" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தினாள். "எம்மவன் அங்க அடிமையாக் கெடக்கறான். இங்க எம்மருமக சிப்பாய்க்குப் புள்ள பெத்து வச்சிருக்கா. தீட்டோட போயி ஊருக் கிணத்தயும் கெடுத்தவ. வெக்கம் இருக்கறவதானே நாப்பது நாளு ஒதுங்கி உக்காருவா?"

மெலான்கா குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, சன்னலருகே நின்று காதைப் பொத்திக்கொண்டாள். ஊரே வேலியோரம் கூடிவிட்டது. துப்பாக்கியோடு கோர்னி வந்தான். தார் ஒழுகும் கதவில் படாமல் ஒதுங்கி உள்ளே நுழைந்து, தொட்டிலில் எட்டிப் பார்த்தான்.

"தலை கருகருன்னு இருக்கே, பெரியம்மா."

"ஹங்கேரிக்காரன் என்ன, பால்ல குளிச்சா பொறந்தான்?"

"ஊரு வேற மாதிரி பேசுது. இது இவ பெத்த புள்ளதான்னு மாதா படத்து முன்னால சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்பறேன்."

பரஸ்கா மூலையில் இருந்த மாதா படத்தின் முன் போய் நின்றாள். சிலுவைக்குறி போட்டாள். படத்தை முத்தமிட்டாள்.

"இது இவ வயித்துல பொறந்தது. பொய்யின்னா எனக்கு நல்ல சாவு வரவேண்டாம்."

கோர்னி தார் அப்பிய அவள் கைகளைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "சொந்தக் கதவுலயே தார் பூசற மாமியார இப்பத்தான் பாக்குறேன். பாவம், டெம்யான்." துப்பாக்கியை மாட்டிக்கொண்டு போனான்.

"வர்கா, பாதிரியார் வீட்டுக்கு ஓடு. கிணத்துக்குப் புனிதத் தண்ணி தெளிக்கணும்னு சொல்லு" என்று வாசலில் நின்ற மகளை விரட்டிவிட்டு, பரஸ்கா பெஞ்சியில் உட்கார்ந்தாள். தார்க் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"அத்தே... உங்களுக்கு..."

"நீ வந்த மறுநாளே தெரியும். வாளியோட நின்ன பாரு, அப்பவே. பிடுங்கிட்டு உன்ன அறைஞ்சேனே, ஞாபகம் இருக்கா? எவளும் பாத்துடக் கூடாதுன்னு பயம். பாத்துட்டாளுங்க."

"அப்ப இத்தனை நாளா திட்டினதெல்லாம்?"

"மொத நாள் திட்டினது நெசம். மத்ததெல்லாம் ஊருக்கு." பரஸ்காவின் குரல் உடைந்தது. "எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சில பயம் போயிடும். வர்கா கண்டுபிடிச்சிடுவா. தெனமும் உன் கிண்ணத்தத் தரையில வைக்கறப்ப என் கை கூசும்டி."

மெலான்கா அவள் மடியில் முகம் புதைத்து அழுதாள். பேச முடிந்தபோது, "சாமி முன்னால பொய் சொல்லிட்டீங்களே" என்றாள்.

"மாதாவும் ராசாவோட ஆளுங்களுக்குப் பயந்து புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடினவதான். அவளுக்குப் புரியும். புரியலன்னா நான் பட்டுக்கறேன்."

"அவருக்கு... உங்க மகனுக்கு எழுதுவீங்களா?"

பரஸ்கா தலையசைத்து மறுத்தாள்.

"எழுத முடியாது. எல்லாக் கடுதாசியையும் ஜெர்மன்காரனுங்க பிரிச்சுப் படிக்கறானுங்க. ஊருல எவனாவது சேதி சொல்லுவான், அவன் நம்புவான். உன்ன வெறுப்பான். இவனுங்க தொலையற வரைக்கும் என்னால இல்லன்னு சொல்ல முடியாது. தாங்குவியா?"

மெலான்கா கணவனின் முகத்தை நினைக்கப் பார்த்தாள். அதற்குள் தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"தாங்கறேன், அத்தே."

வேலியோரம் வர்காவின் குரல் கேட்டது. பரஸ்கா மருமகளைத் தன் பக்கத்தில் பெஞ்சியில் இழுத்து உட்காரவைத்து, சால்வைக்கு அடியில் அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். கதவு திறந்ததும் ஆரம்பித்தாள்.

"இந்த மூதேவி மூஞ்சில முழிச்சாலே அன்னிக்கிச் சோறு எறங்காது..."

வர்கா அலுத்துக்கொண்டு கஞ்சிப் பானைப் பக்கம் போனாள். பரஸ்கா திட்டிக்கொண்டே இருந்தாள். மெலான்கா தலையைக் குனிந்துகொண்டாள். சால்வைக்குள் இருந்த பிடி தளரவே இல்லை.