கோ. வெண்ணிலா

திண்டிவனத்தில் பஸ் கிளம்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொள்ள, சாரல் முழுக்க வெண்ணிலாவின் கறுப்பு கோட்டின் மேல்தான். அவள் அதைக் கவனித்தால்தானே? போனில் தோழி அருணாவிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருஷம் அலைஞ்சி எழுதுன சட்டக் கட்டுரைடி! ஒரு சீனியர் வக்கீலு அவரு மனுவுல அத மேற்கோள் காட்டியிருக்காரு. அடிக்குறிப்புல பாத்தா எழுதுனது 'சுப்பராயலு'ன்னு கீது. எல்லாம் அந்த அடிக்குறிப்பு போடுற சாஃப்ட்வேர் பண்ற பேஜாரு. எவன் செஞ்சான்னு மட்டும் தெரியட்டும்..."

பக்கத்து இருக்கைக்காரன் எக்கி, ஷட்டரை இழுத்து மூடினான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நான்தாங்க செஞ்சேன்... பேரு புகழேந்தி. விழுப்புரத்துல எங்க கம்பெனி."

பெரிய கண்கள். அவற்றில் கேலி இல்லை, நிஜமான பயம் இருந்தது. அதனாலேயே அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"ஏங்க அப்படிப் பண்ணீங்க?"

"வெளிநாட்டு முறையில குடும்பப் பேரு கட்டாயங்க. நமக்குத்தான் அது இல்லியே... வக்கீல் பதிவுலேர்ந்து அப்பா பேர எடுத்து முன்னாடி போட்டுட்டேன். அப்பா பேரு வேணாங்கிறவங்க யாரு இருக்கப் போறாங்க?"

வெண்ணிலா போனை அணைத்து மடியில் வைத்தாள்.

"நான் இருக்கேன்," என்றாள் மெதுவாக. "எனக்கு மூணு வயசுல வூட்ட வுட்டுப் போனவரு அவரு. கிளியனூர்ல மல்லாட்டைக் கொல்லையில களை வெட்டி என்னைப் படிக்க வச்சது எங்கம்மா கோவிந்தம்மாள். அவங்க இனிஷியல்தான் போட்டுக்கறேன். ஆசையா அந்தப் பக்கத்த அவங்ககிட்ட நீட்டினேன்... எழுத்துக்கூட்டிப் படிச்சாங்க. அந்தப் பேரு வந்ததும் மடிச்சிக் குடுத்துட்டாங்க. ஒண்ணுமே கேக்கல."

புகழேந்தி விழுப்புரத்தில் இறங்கும்போது போன் நம்பர் கேட்டான். சரிபண்ணட்டும் என்று கொடுத்தாள். மன்னிப்புக் கேட்டு வந்த எந்தச் செய்திக்கும் பதில் போடவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தாள்... எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளப் பயந்தாள்.

மூன்றாம் வாரம், 'சரிபண்ணிட்டேன். நீங்களே வந்து பாத்தாத்தான் வெளியிடுவேன்' என்று வந்தது. விழுப்புரம் கோர்ட்டில் அன்று வேலை இருந்தது. வேலை இருந்ததால்தான் போனாள்... அப்படித்தான் அருணாவிடம் சொன்னாள்.

அவன் கம்பெனிக் கம்ப்யூட்டர் திரையில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தையே காணோம். ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: 'உங்கள் பெயர் எப்படி அச்சாக வேண்டும்?'

"உங்களுது மட்டும் இல்லீங்க. இருநூத்திப் பதிமூணு பேரு இப்படி மாறிக் கிடந்துது. ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிக் கேட்டேன். பாதிப் பேரு நல்லாத் திட்டுனாங்க."

"என்னை மாதிரியா?"

"அந்த அளவுக்கு யாருக்கும் வரலீங்க."

சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. அச்சுப்பொறியிலிருந்து வந்த தாளை அவன் இரண்டு கையாலும் நீட்டினான். கோ. வெண்ணிலா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே மறுபடியும் மழை.

"இத நானே எடுத்துக்கினு வந்து அம்மாகிட்ட குடுக்கட்டுங்களா? தப்பு பண்ணவன் நானு..."

"அதுக்கு மட்டுந்தானா?"

அவன் தலை குனிந்தது. காது மடல் சிவந்துவிட்டது. "இல்லீங்க... பஸ்ஸுல நீங்க பேசுனதுலேர்ந்து எனக்கு வேற நெனப்பே இல்ல. உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு."

வக்கீல் அல்லவா... கேட்டுவிட்டாள்.

"கல்யாணம் ஆனாலும் என் இனிஷியல் மாறாது. பரவால்லியா?"

"எழுதுனவங்க சொல்லாம அவங்க பேர யாரும் தொடக் கூடாதுன்னுதாங்க இப்ப விதியே போட்டுருக்கேன். எனக்கும் சேத்துத்தான்."

வெண்ணிலா அந்தத் தாளை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை கிளியனூர் வாங்க. அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாங்க, நேரமாவும்..." அவன் முகத்தைப் பார்த்தாள். "அவங்க படிச்சி முடிச்சதும் சொல்லுவோம். எனக்கும் உங்களப் புடிச்சிருக்குன்னு."