சும்மா கடந்து போகிற லாரி

"ஏங்க… பையை இப்படி நடுவுல வச்சா நாங்க எங்கன நடக்க?"

பைக்காரனை ஏசிவிட்டு, அவனுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள் ஜாய்சி. திருநெல்வேலி ஜங்ஷனில் பிடித்த மழை, அம்பாசமுத்திரம் பஸ்ஸை விடாமல் துரத்திக்கொண்டு வந்தது.

பின்னால் அவன் போனில் பேசினான். "அத்தை, எட்வின் பேசுதேன். நாலு மணிக்குப் பொண்ணு பாக்க வந்துருவோம்னு அம்பாசமுத்திரத்துல சொல்லிருங்க."

அம்மாடி… இந்தக் குரல்!

ஒன்றரை வருஷம் போனில் இவள் காதுக்குள் கேட்ட குரல் அல்லவா? போலந்துக் கம்பெனிக்கு லாரி ஓட்டுகிற உவரிக்காரன். ஜாய்சிக்கு அந்த லாரிகளுக்காகப் பாளையங்கோட்டை ஆபீஸில் வேலை. வேறு நாட்டில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ போனால், டிரைவர் பேரை அந்த நாட்டு அரசாங்கத்துக்கு முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும்; அதுதான் இவள் வேலை. சும்மா கடந்து போகிற லாரிக்கு அது வேண்டியதில்லை.

இந்த மகராசன் கடந்து போவதற்கும் கூப்பிடுவான். "மேடம், ஜெர்மனிக்குள்ள நுழையுதேன், எழுதிக்கோங்க… ஆமா, ஆத்துல தண்ணி போகுதா?"

இவளும் சொல்லுவாள். குறுக்குத்துறைக் கோயிலை வெள்ளம் சூழ்ந்தது, சேரன்மகாதேவியில் நடவு தொடங்கியது… எல்லாம். என்ன நாட்கள் அவை…

ஒருநாள் மேனேஜர் பக்கத்தில் நிற்க, "எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாதா? சும்மா போறதுக்கெல்லாம் கூப்பிடாதீங்க" என்று கத்திவிட்டாள். அதோடு சரி. பிறகு வெறும் மெசேஜ்தான். இவளும் கூப்பிடவில்லை. வீம்பு, வேறென்ன?

இப்போது லீவில் வந்து பெண் பார்க்கப் போகிறானாம். போகட்டுமே, நமக்கென்ன என்று பார்த்தால்… கண் கேட்கவில்லை, நிறைந்துகொண்டு வந்தது. அடுத்தது சேரன்மகாதேவி. அங்கே இவள் இறங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது.

திரும்பினாள். மழைச்சாரலில் நனைந்த கறுத்த முகம், தூக்கம் கெட்ட பெரிய கண்கள்… இப்படித்தான் இருப்பானா?

"கடந்து போற லாரிக்குச் சொல்ல வேண்டாம்னு உங்களுக்கு எத்தனை தடவை சொல்ல?"

அவன் கண்கள் அப்படியே விரிந்தன. "மேடம்…?"

"ஜாய்சி."

"அந்த விதி எனக்குத் தெரியும்ங்க. வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொல்லிக்குடுத்துட்டாங்க."

"பின்ன ஏன் கூப்பிட்டீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அங்கன வாயைத் திறந்து பேச ஆள் கிடையாது. முதல்ல நம்ம ஊர்ப் பேச்சைக் கேக்கத்தான் கூப்பிட்டேன். அப்புறம்… உங்க குரலைக் கேக்கத்தான். நீங்க ஏசினதும், நம்மளைப் பிடிக்கல போலன்னு விட்டுட்டேன்."

"சேரன்மாதேவி இறங்கு…" என்றார் கண்டக்டர்.

ஜாய்சி எழுந்தாள்.

"பிடிக்காமலா அத்தனை நாளும் ஆத்துக் கதையெல்லாம் சொன்னேன்? எனக்கு உங்களைப் பிடிக்கும். அப்பா வீட்டுலதான் இருக்காங்க… வாரீங்களா?"

மழையில் அவளுக்கு முன்னால் குதித்து இறங்கியவன் போனைக் காதில் வைத்தான்.

"அத்தை… அங்கன வேண்டாம்னு சொல்லிருங்க. எனக்குப் பொண்ணு கிடைச்சிட்டா."