நீலக் கோட்டுக்கு மேலே

தண்ணீர் ஏறியிருந்தது.

வசந்தமலர் குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள். கண்ணாடித் தொட்டியின் பக்கத்தில் அவள் கணவன் பாலேந்திரா ஒட்டிவைத்த நீல டேப்புக்கு ஒரு விரற்கடை மேலே, பம்பின் மெல்லிய உறுமலுக்கு நடுங்கிக்கொண்டு நின்றது தண்ணீர். குறைவதுதான் வழக்கம். வீட்டுக்குள் கடல் வளர்ப்பவர்களுக்கு முதற் பாடமே அதுதான்: தண்ணீர் ஆவியாகும், உப்புத் தங்கிவிடும், குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் வார்க்க வேண்டும். இன்றைக்கு அவள் ஒரு சொட்டும் வார்க்கவில்லை.

லண்டன் குட்மேய்ஸ் வீட்டின் முன்னறைக்குள் இந்தத் தொட்டி வந்து இறங்கியபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. வெறுங்கல்லுக்கும் உப்புத் தண்ணிக்கும் இவ்வளவு பவிசா? ஆனால் ஒரு காலை, அந்த வெறுங்கல்லிலிருந்து நூல்போல ஒரு புழு தலைநீட்டியது. பிறகு பவளம் வாய் திறந்தது. கடற்சாமந்தி தன் ஊதாநுனி விரல்களை விரித்து, இல்லாத காற்றுக்கு அசைந்தது. நாலு வயது மகள் அருள்மலர் எழும்பும்வரை தேத்தண்ணிக் கோப்பையோடு அதன் முன்னால் குந்தியிருப்பது வசந்தமலருக்கு நாளின் மிக இனிய பொழுதாகிவிட்டது.

இப்போது மார்கழி, பின்னேரமே கும்மிருட்டு. காய்ச்சலோடு பிள்ளை மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வசந்தமலர் பாலேந்திரா வேலை செய்யும் பெற்றோல் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

"இஞ்சருங்கோ, தொட்டியிலை தண்ணி கூடியிருக்கு."

"ஊத்திப்போட்டு மறந்திருப்பீர்."

"நான் ஊத்தேல்லை எண்டுறன்."

"அப்ப உள்ளை என்னவோ போட்டிருக்கிறீர்."

"நேற்று... ஒரு பிடி சோறு."

"சோறோ! உமக்கென்ன விசரே? தண்ணி பழுதாப்போய் மீனெல்லாம் செத்துப்போமெல்லே!"

"தம்பியின்ரை திவசமப்பா. அந்த மழைக்கை ஒரு காகமும் வரேல்லை. அவன் கடலிலை போனவன்தானே, அதுதான்..."

மறுமுனையில் யாரோ சிகரெட் கேட்டார்கள். பாலேந்திராவின் குரல் தணிந்தது. "சரி, விடும். வந்து தண்ணி மாத்திறன். ஆனா ஒரு பிடி சோத்துக்கு இவ்வளவு ஏறாதப்பா. ஆரும் முழங்கை வரைக்கும் கையை விட்டுக்கொண்டு நிண்டாத்தான் உண்டு!"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனிடம் அவள் பாதியைத்தான் சொல்லியிருந்தாள். படைத்த சோற்றைக் காகம் தொடாவிட்டால் போனவருக்கு ஏதோ ஆசை மிச்சமிருக்கிறது. அதை நிறைவேற்றுகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் காகம் வரும். தொண்ணூற்றிரண்டில் படகோடு காணாமற்போன தம்பி இராஜேந்திரனின் ஆசை அவளுக்குத் தெரியும். வயிற்றில் பிள்ளை என்று அவள் சொன்னதும் கொழும்பிலிருந்து கடைசியாகப் போனில் கத்தினானே: "அக்கா, உன்ரை பிள்ளையை நான் தூக்கோணும்!"

நேற்று சோற்றுப் பிடி கலையாமல், உதிராமல், உருண்டையாகவே அமிழ்ந்தது. அப்போது அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துச் சொன்னாள். "வா, ராசா. வந்து பிள்ளையைத் தூக்கு."

திரும்பிப் பார்த்தபோது சோறு இல்லை. மீன் ஒன்றும் கிட்டப் போகவும் இல்லை.

இப்போது மீன்கள் எல்லாம் ஒரே மூலையில் ஒடுங்கி, மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டிருந்தன. ஈரக் கயிறும் அழுகிய பாசியும் கலந்த ஒரு நாற்றம் திரைச்சீலை, சோபா, அவளுடைய சொந்தக் கூந்தல் என்று எல்லாவற்றிலும் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து கிளம்பிய காற்றுக் குமிழிகள் நேரே மேலே வரவில்லை. நடுவழியில் இரண்டாகப் பிரிந்தன. எதையோ சுற்றிக்கொண்டு வந்து, மறுபடி சேர்ந்தன.

கடற்சாமந்தியின் விரல்கள் ஒரு பக்கமாக நசுங்கிக் கிடந்தன.

தண்ணீர் இன்னொரு விரற்கடை ஏறியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

இரண்டாவது கையும் உள்ளே.

"இராஜேந்திரா..." அவள் தொட்டியை நோக்கிக் குனிந்தாள். "அவளுக்குக் காய்ச்சலடா. இப்ப வேண்டாம்."

டைமர் 'டக்' என்றது. தொட்டி விளக்கு அணைந்தது. இருட்டில் பம்பின் உறுமல் மட்டும். பிறகு ஒரு சளப்.

சுவரைத் தடவி ஸ்விட்சைப் போட்டாள்.

தண்ணீர் நீலக் கோட்டுக்குக் கீழே நின்றது.

கார்ப்பெட்டில் ஈரம். கதவடியில் ஈரம். மாடிப்படியில், ஒவ்வொரு படியிலும்.

மேலே பிள்ளை சிரித்தாள்.

"ஆர் நீங்கள்?"

வசந்தமலர் ஓடினாள். கால் வழுக்கியது. முழங்கால் அடிபட்டது. எழும்பினாள். கைப்பிடியில் உப்புப் பிசுபிசுத்தது.

"விடடா அவளை!"

சிரிப்பு நின்றது.

கதவைத் தள்ளினாள்.

கட்டில் வெறுமை. போர்வை கீழே. அறை நடுவே, யாரோ இரு கையாலும் ஏந்தி நெஞ்சோடு அணைத்திருப்பதுபோல, அந்தரத்தில் அருள்மலர். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை. தலைமயிர் மட்டும் நாலாபக்கமும் விரிந்து, மெல்ல, மிக மெல்ல, அசைந்துகொண்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன. கன்னங்கள் ஊதியிருந்தன.

அம்மாவைக் கண்டதும் பிள்ளை வாயைத் திறந்தாள்.

ஒரு குமிழி வெளியே வந்து, கூரையை நோக்கி ஏறியது.