முன்சீட்டில் ஐம்பத்தெட்டு கிலோ

கேட்டை இழுத்து மூடப் போனவனும், அதே கேட்டுக்குள் வேனின் மூக்கை நுழைத்தவளும் ஒரே நொடியில் நின்றார்கள். நடுவே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"டைம் முடிஞ்சுதுங்க," என்றான் அவன்.

"மணி நாலு பத்துதானே ஆகுது? அஞ்சு வரைக்கும்னு போட்டிருக்கு..."

"ஆபீஸ் அஞ்சு வரைக்கும். வண்டி நாலு வரைக்கும்தான் எடுப்போம். போர்டுல தெளிவா எழுதியிருக்கே."

"எந்த போர்டு?"

அவன் பெருமையோடு கையைக் காட்டிவிட்டுத் தானும் திரும்பிப் பார்த்தான். மதில் மேல் போர்டு இருக்கத்தான் செய்தது... காட்டுக்கொடி அதை ஒரு மூலை விடாமல் மூடியிருந்தது. இலைகளின் இடுக்கில் 'வாகனத் தகுதிச் சோதனை' என்பதில் 'சோதனை' மட்டும் எட்டிப் பார்த்தது.

"சோதனைதான். சரியாத்தான் எழுதியிருக்கீங்க," என்றாள் அவள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டான். அப்போதுதான் அவள் கண்களைப் பார்த்தான்... நனைந்த இமைகள், அழுது முடித்ததா அழப்போவதா என்று சொல்ல முடியாத கண்கள். சட்டம் பேச வந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

பாவம், அவளும் காலையிலிருந்து அலையாய் அலைந்திருந்தாள். வேனின் தகுதிச் சான்றிதழ் இன்றோடு முடிகிறது. வழக்கமாகப் போகும் சோதனை மையத்தில் பூட்டு தொங்கியது. ஃபோனில் தேடினால் பக்கத்தில் மூன்று மையங்கள் என்றது. முதலாவதில் இரண்டு சக்கர வண்டிகளுக்கு மட்டும்தானாம். இரண்டாவது இருந்த இடத்தில் கட்டில், பீரோ விற்றுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது இது. ஊர் ஓரத்தில், ஆளில்லாத கிடங்குகளுக்குப் பின்னால். வரைபடத்தில் தெருவே இல்லாத வெள்ளைப் பரப்பில் அம்புக்குறி தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருந்தது. வழி கேட்க ஒரு ஈ காக்கா இல்லை. ஷட்டர்கள் எல்லாம் இறங்கிக் கிடந்தன.

இரண்டு முறை, அவள் தொடாமலேயே இடதுபக்க இண்டிகேட்டர் மின்னியது. லூஸ் கனெக்‌ஷன் என்று முணுமுணுத்தபடி இடப்பக்கம் திரும்பினாள். இரண்டாவது திருப்பத்தில் இந்தக் கேட் வந்து நின்றது.

"நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு எட்டு பேரை ஏத்தணுங்க," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "கிட்னி பழுதானவங்க. ரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டிட்டுப் போவேன். சர்டிஃபிகேட் இன்னிக்குள்ள கைல இல்லன்னா ஆஸ்பத்திரியில வேற வண்டி போட்டுடுவாங்க. அந்த வண்டிக்காரன் சந்துக்குள்ள வர மாட்டான். மூணாவது மாடியிலேர்ந்து யாரையும் கைத்தாங்கலா இறக்க மாட்டான்."

அவன் கேட்டைத் திறந்துவிட்டான்.

டோக்கன் கவுன்ட்டரில் இருந்த அக்கா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "என்ன தராசு, இன்னிக்கு ரூல்ஸ் எல்லாம் மழையில கரைஞ்சு போச்சா?"

"கடைசி வண்டிக்கா."

"அது எனக்கும் தெரியுது." அக்கா டோக்கனைக் கிழித்து அவளிடம் நீட்டினாள். "பயப்படாதம்மா. நல்ல பையன். ஆனா அரை கிலோ கூடக் குறைச்சு எழுத மாட்டான். அதான் தராசுன்னு பேரு."

கொட்டகைக்குள் பகலிலேயே இருட்டாக இருந்தது. தரையில் பள்ளம் வெட்டி, அதில் இரண்டு இரும்பு உருளைகள். சக்கரத்தை அதன்மேல் ஏற்றினால் எடையைக் காட்டும், பிரேக்கின் பிடியைக் காட்டும். எண்கள் சுவரிலிருந்த திரையில் வரும். அவற்றை அவன் கம்ப்யூட்டரில் கையால் தட்ட வேண்டும்.

அவன் வேனில் ஏறி முன்சக்கரங்களை உருளைமேல் நிறுத்தினான். திரையைப் பார்த்தான். கீழே இறங்கி, பதிவுப் புத்தகத்தைப் பார்த்தான். மறுபடி திரை.

"உள்ள இருக்கிறவங்களை இறங்கச் சொல்லுங்க."

"உள்ள யாரும் இல்லையே..."

"முன்சீட் சக்கரத்துக்கு நேர் மேல இருக்கு. என் எடையைக் கழிச்ச பிறகும் அதிகம் காட்டுது. அம்பத்தெட்டு கிலோ."

அவள் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் எங்கோ போயிற்று.

அவன் அதைக் கவனிக்கவில்லை. ஸ்டெப்னியை இறக்கினான், டூல் பெட்டியை இறக்கினான், முன்சீட்டுக்குக் கீழே கைவிட்டுத் துழாவினான். ஒரு பழைய குடை மட்டும் கிடைத்தது. அதையும் வெளியே வைத்தான். அவற்றைக் கழித்துப் பார்த்தும் கணக்கு அசையவில்லை. ஐம்பத்தெட்டுக்கு ஒரு கிலோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொட்டகை சில்லென்று இருந்தது. முன்கண்ணாடியில் இடப்பக்கம் மட்டும் ஆவி படிந்திருந்ததை அவன் அப்போதுதான் பார்த்தான்... மூச்சு விடுவதுபோல் அது படர்ந்தது, சுருங்கியது.

அடுத்து அவன் கண்ணில் பட்டது சீட் பெல்ட். காலி முன்சீட்டின் குறுக்கே மாட்டியிருந்தது.

"இதை ஏன் மாட்டி வச்சிருக்கீங்க?"

"மாட்டலன்னா கத்துது."

"ஆள் உக்காந்திருந்தா மட்டும்தான் கத்தும்ங்க," என்றான் மெதுவாக.

"தெரியும்," என்றாள் அவள்.

மழை கூரைத் தகரத்தில் பொழிந்துகொண்டே இருந்தது. அவனுக்கு முதுகில் எறும்பு ஊர்ந்தது. ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அவள் அங்கே தனியாக நிற்கிறாளே...

"பதிவுக்கும் மெஷினுக்கும் அம்பது கிலோவுக்கு மேல வித்தியாசம் இருந்தா பாஸ் போட முடியாதுங்க. யாரா இருந்தாலும் சரி... அஞ்சு நிமிஷம் இறங்கச் சொல்லுங்களேன்."

"சொல்ல மாட்டேன்."

"நாளைக்கு எட்டு பேர் காத்திருப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். இப்பவும் சொல்றேன், எங்கம்மாவை நான் இறங்கச் சொல்ல மாட்டேன். ஃபெயில்னு எழுதிக் கொடுங்க, போறேன்." கையை நீட்டினாள். ரோஷத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

அவன் எழுதவில்லை. ஸ்டெப்னியை உருட்டி வந்து அவள் பக்கத்தில் போட்டு, உட்காரச் சொன்னான். தானும் டூல் பெட்டிமேல் உட்கார்ந்தான். எதுவும் கேட்கவில்லை. கேட்காததாலேயே அவள் சொன்னாள்.

அம்மாதான் அந்த வேனின் உதவியாள். நோயாளிகளைத் தாங்கிப் பிடிப்பது, போர்வை போர்த்துவது, வழியெல்லாம் பேசிச் சிரிக்க வைப்பது எல்லாம் அம்மா. ஆஸ்பத்திரியில் நோயாளிகளை எடை பார்க்கும்போது அம்மாவும் வரிசையில் நின்று ஏறிப் பார்ப்பாள். "அம்பத்தெட்டு... நான் இளைக்கவே மாட்டேன் போல," என்று வாரா வாரம் அதே புலம்பல். மூன்று மாதம் முன்பு ஒரு நாள், எல்லோரையும் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, அம்மா வழக்கமான பல்லவியை எடுத்தாள்.

"எனக்கப்புறம் இந்த சீட்ல யாரு உக்காருவா, ஒருத்தனையாவது ஏறெடுத்துப் பாரேன்டின்னு ஆரம்பிச்சாங்க. நான் அன்னிக்குத் தூங்கவே இல்லைங்க. வண்டியை நிறுத்தி, 'இறங்கும்மா, கீழ இறங்கு'ன்னு கத்திட்டேன். மறுபேச்சு பேசாம இறங்கினாங்க. ஒரு சுத்து சுத்திட்டு, பத்து நிமிஷத்துல திரும்பி வந்துட்டேன்... பஸ் ஸ்டாப் பெஞ்சுல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. தூங்கறாங்கன்னு நினைச்சேன்."

உருளைகளுக்குள் ஏதோ ஒன்று தானாகப் பெருமூச்சு விட்டது போல் இரும்பு முனகியது.

"நான் அம்மாகிட்ட கடைசியா சொன்ன வார்த்தை அது. காரியமெல்லாம் முடிஞ்சு முதல் நாள் வண்டி எடுத்தேன்... பெல்ட் கத்துச்சு. மாட்டிவிட்டேன். அன்னிலேர்ந்து அந்த சீட்ல யாரையும் உக்கார விடல. இப்ப மறுபடியும் என் வாயால அதையே சொல்லச் சொல்றீங்க."

அவன் எழுந்தான். கம்ப்யூட்டர் முன்னால் போய், அவளுக்கு முதுகைக் காட்டி நின்று ஏதோ தட்டினான். பிறகு வெளியே வைத்திருந்த பழைய குடையை எடுத்துக்கொண்டு வேனின் இடப்பக்கம் போனான். கதவைத் திறந்தான். பெல்ட்டை அவிழ்த்தான். உடனே உள்ளே அந்தச் சத்தம்... கீச் கீச்சென்று... யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று.

அவன் உதடு உலர்ந்திருந்தது. ஆனாலும் குனிந்து, வீட்டுப் பெரியவர்களிடம் பேசுவதுபோலவே பேசினான்.

"அம்மா, இங்க ஒரே சாரலா இருக்கு. வெயிட்டிங் ரூம்ல நாற்காலி இருக்கு, கொஞ்ச நேரம் வந்து உக்காருங்க. டெஸ்ட் முடிஞ்சதும் நானே வந்து ஏத்தி விடறேன்."

ஒன்றும் நடக்கவில்லை. கீச் கீச்... கீச் கீச்...

பிறகு சத்தம் நின்றது.

திரையில் எண்கள் சரசரவென்று இறங்கின. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் குடையை விரித்து முற்றத்தில் இறங்கினான். குடை முழுக்க இடப்பக்கம் சாய்ந்திருக்க, அவன் வலது தோள் தொப்பலாக நனைந்தது. மெல்ல, மிக மெல்ல நடந்தான். இரண்டு எட்டுக்கு ஒரு தரம் நின்றான். வெயிட்டிங் ரூம் படியில் ஒரு கையை நீட்டிக் காத்திருந்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதை அவனிடம் அவள் சொல்லவே இல்லை.

"அக்கா, உங்க பக்கத்து நாற்காலி வேணும்."

"யாருக்குடா நாற்காலி?" என்றாள் கவுன்ட்டர் அக்கா.

"அவங்க அம்மாவுக்கு."

அக்கா ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மின்விசிறியை அணைத்தாள்.

ஸ்டெப்னியும் டூல் பெட்டியும் வண்டிக்குள் திரும்பின. பிரேக், விளக்கு, ஹாரன், புகை எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்தது. நாலு ஐம்பதுக்கு அச்சு இயந்திரம் சான்றிதழைத் துப்பியது. எட்டு பேரின் நாளைக் காலை அந்த ஒற்றைத் தாளில் இருந்தது. அவள் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். சந்தோஷப்படத்தான் வேண்டும்... ஆனால் கண் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை.

"வாங்கம்மா, கிளம்பலாம்," என்றான் அவன், காலி நாற்காலியைப் பார்த்து. அதே குடை, அதே நடை. முன்கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தான். மூடினான்.

"ஏறிட்டாங்களா?"

"தெரியலைங்க. எனக்குத் தெரியறது மெஷின் மட்டும்தான்." உருளைமேல் முன்சக்கரத்தை நிறுத்தினான். இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

முன்சீட்டில் ஒரு கிலோ கூட அதிகமில்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போயிட்டாங்க. இந்தத் தடவையும் நான்தான் இறக்கி விட்டுட்டேன்."

"இறக்கினது நான். நீங்க இல்ல." என்ன செய்வதென்று தெரியாமல், வண்டியை வெளியே எடுப்போம் என்று மெல்ல முன்னே நகர்த்தினான். பின்சக்கரங்கள் உருளைமேல் ஏறின. திரை பழையபடி ஒளிர்ந்தது.

அவன் பிரேக்கை மிதித்தான். தன் எடையைக் கழித்தான். இன்னொரு தரம் கழித்துப் பார்த்தான்.

"ஏங்க... இங்க கொஞ்சம் வந்து பாருங்க."

"என்ன?"

"பின்னாடி அம்பத்தெட்டு."

அவள் கண்ணீரோடு எழுந்து வந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. அம்மா பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். முன்சீட்டைக் காலி பண்ணிவிட்டு, அமைதியாக, பின்னால்.

அவளுக்கு முதலில் உடம்பு சிலிர்த்தது. பிறகு புரிந்தது. புரிந்ததும் காது மடல் வரை சிவந்துபோனாள். செத்தும் விடவில்லையே இந்த அம்மா...

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றான் அவன், வேனிலிருந்து இறங்கி வந்து. நனைந்த சட்டை, கையில் என்ன செய்வதென்று தெரியாத குடை. "ஆறு வருஷமா இங்க இருக்கேன். ஒரு எண்ணைக் கூட மாத்தி எழுதினதில்ல. சொந்த மாமா வண்டியை ஃபெயில் போட்டேன், இன்னிக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

"கவுன்ட்டர் அக்கா சொன்னாங்க."

"அக்காவுக்கு இது தெரியாது. அம்மாவைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே... நீங்க அழுதுட்டு இருந்தீங்கல்ல, அப்பவே எடை சரியா இருக்குன்னு தட்டிட்டேன். பொய். தெரிஞ்சே எழுதின பொய். எழுதினதும் கை கூசுச்சு. எப்படியாவது அதை உண்மையாக்கணும்னுதான் கதவைத் திறந்தேன்."

"எனக்காகவா?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"உங்களுக்காகத்தான். பாத்து ஒரு மணி நேரம் கூட ஆகல. என் பேரே கெட்டுப்போச்சு. ஆனா வருத்தமே இல்லைங்க, அதான் பயமா இருக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு. பேய் இருக்கிற வண்டின்னு தெரிஞ்சும் பிடிச்சிருக்கு."

"எங்கம்மா பேய் இல்ல."

"மன்னிச்சுக்கோங்கம்மா," என்றான் அவன் உடனே, பின்சீட்டைப் பார்த்து.

அவள் சிரித்துவிட்டாள். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. அழுகையும் கூடவே வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. வேனில் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். முன்சீட்டில் கையை வைத்துப் பார்த்தாள். குளிர் இல்லை. பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை... பார்க்க வெட்கமாக இருந்தது.

கொட்டகை வாசலில் அவன் நின்றுகொண்டே இருந்தான். மணி ஐந்தாகியிருந்தது. கவுன்ட்டர் அக்கா ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது.

அவள் எட்டி இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க," என்றாள்.